எலும்பில்லாத கைக்கு யார் கற்றுக்கொடுப்பது?

உப்பளத்துக்காரர்களால் மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியை அவ்வளவு எளிதில் மறக்க முடியாது. வாழைப்பழம் கொடுத்தால் நசுக்காமல் வாங்கிக்கொள்ளும். அதே தும்பிக்கையால் குழந்தையின் தலையைப் பூப்போலத் தொட்டு ஆசி வழங்கும். 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சியின்போது லட்சுமி சரிந்து விழுந்து இறந்தபோது புதுச்சேரியே கலங்கியது.

‘தும்பிக்கையில எலும்பே இல்லையா?’ என்று குழந்தைகள் கேட்பதுண்டு. இல்லை, முழுக்கத் தசைதான். பலமும் பக்குவமும் சேர்ந்த இப்படியொரு கையை இயந்திரமாகச் செய்ய முடியுமா? செய்துவிட்டார்கள். ஆனால், செய்த கையை ஆட்டுவிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அங்கேதான் நியூரல் நெட்வொர்க் உதவிக்கு வந்தது.

மென் ரோபோ என்றால் என்ன?

கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் ரோபோ இரும்பால் ஆனது. குறுக்கே ஆள் வந்தால் ஆபத்து என்பதால், வழக்கமாக அதைச் சுற்றி வேலி போட்டிருப்பார்கள். மென் ரோபோவோ சிலிகோன் ரப்பர், வளையும் பிளாஸ்டிக் போன்றவற்றால் ஆனது. காற்றழுத்தத்தாலோ, உள்ளே ஓடும் மெல்லிய கம்பிகளை இழுப்பதாலோ வளையும். மேலே இடித்தாலும் பெரிதாக வலிக்காது. தக்காளியை எடுக்க, நோயாளியைத் தொட, உடலுக்குள் வளைந்து செல்ல இப்படிப்பட்ட கைதான் தோது.

ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம், ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து யானைத் தும்பிக்கையைப் பார்த்து ஒரு கையை உருவாக்கியது. 3டி அச்சில் செய்யப்பட்ட அந்தக் கைக்கு மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிலும் மூன்று காற்றுப் பைகள். 2010இல் ஜெர்மனி அதிபரின் புத்தாக்க விருது அதற்குக் கிடைத்தது.

கணக்குப் போட்டு இயக்க முடியாதா?

இரும்புக் கைக்குப் பெரும்பாலும் ஆறு மூட்டுகள். ஆறு கோணங்கள் தெரிந்தால் நுனி எங்கே இருக்கிறது என்று சூத்திரம் சொல்லிவிடும். மென் கைக்கு மூட்டே கிடையாது. எந்த இடத்திலும் வளையும், நீளும், தன் எடையாலேயே தொங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பலூனை முதல் தடவை ஊதும்போது மூச்சு முட்டும். காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஊதினால் சுலபமாகப் பெருக்கும். ரப்பருக்கு ‘முன்கதை’ உண்டு என்பதுதான் காரணம். நேற்று கொடுத்த அதே அழுத்தத்தை இன்று கொடுத்தாலும் அதே வளைவு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இயற்பியல் சமன்பாடுகள் இல்லாமல் இல்லை. ஆனால், எல்லாவற்றையும் சேர்த்து நொடிக்கு நொடி கணக்கிடுவது கடினம்.

அப்படியானால் என்ன வழி?

பட்டுத் தெரிந்துகொள்வதுதான். கையை இயக்கிப் பார்த்து, ‘இந்த அழுத்தத்துக்கு நுனி இங்கே வந்தது’ என்று பதிவுசெய்ய வேண்டும். இந்தப் பதிவுகளை நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுத்தால், சமன்பாடு எழுதித் தராமலேயே இரண்டுக்கும் உள்ள தொடர்பை அது கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஆனால், எத்தனை தடவை இயக்குவது? ஒன்பது காற்றுப் பைகள், ஒவ்வொன்றுக்கும் பத்து அழுத்த நிலைகள் என்று வைத்துக்கொண்டால் 100 கோடி சேர்க்கைகள். நொடிக்கு ஒன்று என்று சோதித்தாலும் 31 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கை அதற்குள் கிழிந்தே போய்விடும்.

ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மத்தியாஸ் ரோல்ஃப், யோகன் ஸ்டைல் இருவரும் கைக்குழந்தையிடமிருந்து வழி கண்டார்கள். குழந்தை கையை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பழகி முடித்துவிட்டுப் பொம்மையைத் தேடுவதில்லை. பொம்மையை நோக்கியே கையை நீட்டும், தவறும், மறுபடி நீட்டும். ஃபெஸ்டோவின் தும்பிக்கையையும் அவர்கள் இப்படியே இலக்கை நோக்கி நீட்டித் தவறவைத்துப் பழக்கினார்கள். 100 கோடி சேர்க்கைகளையும் தொட வேண்டிய அவசியம் வரவில்லை.

தொடுவதை உணருமா?

மீன்பிடித் துறைமுகத்தில் வலையோடு வரும் பேய்க்கணவாய்க்கும் எலும்பு இல்லை. அதன் நரம்பணுக்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. அதைப் பார்த்து மென் ரோபோ செய்யும் ஐரோப்பியத் திட்டம் ஒன்றை 2009 முதல் வழிநடத்தியவர் இத்தாலியின் பீசா நகரில் பணியாற்றிய செசிலியா லாஸ்கி. பின்னர் அவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

தாமஸ் ஜார்ஜ் துருத்தேல், லாஸ்கி உள்ளிட்டோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மென்மையான ரோபோ விரலுக்குள் ரப்பர் போன்ற உணரிகளைப் பதித்தார்கள். இன்ன இடம் என்ற துல்லியத் திட்டமெல்லாம் இல்லை. பயிற்சியின்போது மட்டும் கேமராக்கள் விரலின் நிலையைக் காட்டிக்கொடுத்தன. முந்தைய நொடிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒருவகை நியூரல் நெட்வொர்க்கைப் பயன்படுத்தினார்கள். ரப்பருக்கு முன்கதை இருப்பதால் அதைப் படிப்பதற்கும் நினைவாற்றல் வேண்டுமல்லவா? பயிற்சிக்குப் பிறகு, நுனி எங்கே இருக்கிறது, எவ்வளவு விசையுடன் தொடுகிறது என்பதை உணரிகளின் தகவலை வைத்தே அது கணித்தது.

நம்பி உடலைக் கொடுக்கலாமா?

கேள்வியே இதுதான். மென் ரோபோ மருத்துவத்துக்கு வர வேண்டுமானால், அது போகப்போவது நோயாளியின் குடலுக்குள்ளோ இதயத்தின் அருகிலோதான். நியூரல் நெட்வொர்க் தான் பார்த்ததை நன்றாகச் செய்யும். பார்க்காத எடை, பார்க்காத வளைவு வந்தால் தவறலாம். ‘எனக்குத் தெரியலை’ என்று அது தானாகச் சொல்லாது என்பதுதான் ஆபத்து. ரப்பர் தளரத் தளர, ஆறு மாதத்துக்கு முன் கற்ற பாடமும் பழையதாகிவிடும்.

அதனால்தான் ஆய்வாளர்கள் பலர் இயற்பியல் கணக்கையும் கற்றலையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். அடிப்படைக் கணக்கைச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும், மிச்சப் பிழையை நியூரல் நெட்வொர்க் திருத்தும். உணரிகள் நொடிக்கு நொடி சரிபார்க்கும். எல்லை மீறினால் நிறுத்திவிடும் ஏற்பாடும் வேண்டும். கை மென்மையாக இருப்பது முதல் பாதுகாப்பு மட்டுமே. எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்திருப்பது இரண்டாவது.

யானைக்கன்றும் பிறந்தவுடன் தும்பிக்கையைச் சரியாகக் கையாளுவதில்லை. ஆட்டும், தடுமாறும், சில சமயம் அதையே மிதித்துக்கொள்ளும். பழக மாதங்கள் ஆகும். அந்தப் பழக்கம் கைகூடிய பிறகுதான் தும்பிக்கைக்கு முன்னால் குழந்தையை நம்பி நிறுத்த முடிகிறது. மென் ரோபோ இன்னும் கன்றுப் பருவத்தில்தான் இருக்கிறது.