கொண்டு போன பந்தெல்லாம் தொலைஞ்சுபோச்சு... கோல்ஃபுக்கு ஒரு டீச்சர் கிடைச்சாங்க!

போலோ டி-ஷர்ட் பத்தி திருப்பூர்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காலர், ரெண்டு மூணு பட்டன், பிக்கே துணி. கட்டிங்ல ஆரம்பிச்சு பேக்கிங் வரைக்கும் எங்கேயாவது ஒரு இடத்துல உங்க வீட்டு ஆள் ஒருத்தரோட கை அதுல பட்டிருக்கும். உலகம் முழுக்க கோல்ஃப் ஆடுறவங்க வழக்கமா போடுறது அந்தச் சட்டையைத்தான். ஆனா, சட்டை தெரிஞ்ச நம்மள்ல எத்தனை பேருக்கு அந்த ஆட்டம் தெரியும்? இத்தனைக்கும் கோவை செட்டிப்பாளையத்துல ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கு. ஊட்டியிலயும் இருக்கு.

``அது பணக்காரங்க ஆட்டம், நமக்கெதுக்கு?''னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா, `இது நமக்கில்லை'னு ஒதுங்கி நின்னவங்களைக் கூப்பிட்டு, கையில மட்டையைக் கொடுத்து, அரை நூற்றாண்டுக்கும் மேல சொல்லிக்கொடுத்த ஒரு பெண் இருந்தாங்க. பேரு பெக்கி கிர்க் பெல். அவங்க கதை தெரிஞ்சா, ஒரு கோச்சோட வேலை உண்மையில எங்கே ஆரம்பிக்குதுன்னு புரியும்.

முதல்ல ஆட்டம்

கோல்ஃப் ரொம்ப சிம்பிள். மொத்தம் 18 குழி. ஒவ்வொரு குழியிலயும் எவ்வளவு குறைவான அடியில பந்தைப் போடுறீங்கங்கிறதுதான் கணக்கு. ஒரு நல்ல ஆட்டக்காரருக்கு ஒரு குழிக்கு இத்தனை அடி போதும்னு வெச்சிருக்கிற அளவுக்குப் பேரு `பார்'. பெரும்பாலான பெரிய மைதானங்கள்ல 18 குழிக்கும் சேர்த்து இது 70-ல இருந்து 72 வரைக்கும் வரும்.

இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. குழி பக்கத்துல வந்ததும் பந்தை மெதுவா உருட்டிவிடுவாங்க இல்லையா, அதுக்குப் பேரு `பட்'. பார் கணக்குல ஒரு குழிக்கு ரெண்டு பட் வெச்சிருக்காங்க. 18 குழிக்கு 36. அதாவது, 72-ல சரிபாதி வெறும் உருட்டல்! அதுக்குப் பெரிய தோள்பலம் வேண்டாம். கணிப்பும் பொறுமையும் இருந்தா போதும். ஒரு எட்டு வயசுக் குழந்தைகூட இந்தப் பாதியைக் கத்துக்கலாம். நல்லா சொல்லிக்கொடுக்க ஒரு ஆள்தான் வேணும்.

17 வயசுல கிடைச்ச பாடம்

பெக்கி 1921-ல அமெரிக்காவோட ஒஹையோ மாநிலத்துல, ஃபிண்ட்லேங்கிற ஊர்ல பிறந்தவங்க. கோல்ஃப் மைதானத்துக்குள்ள கால் வெச்சப்போ வயசு 17. இந்த ஆட்டத்துக்கு அது ரொம்ப லேட். முதல் நாள் கொண்டு போன பந்துகளை அடிச்சு அடிச்சு மரங்களுக்குள்ள தொலைச்சதுதான் மிச்சம். நேரா அங்கே இருந்த பயிற்சியாளர்கிட்ட போய் உதவி கேட்டாங்க. அவர் மறுநாள் காலையிலேயே வரச் சொன்னார்.

அன்னிக்கு அவர் சிரிச்சு அனுப்பியிருந்தா, இந்தக் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் பெக்கி ஒஹையோ மாநில அமெச்சூர் பட்டத்தை 3 தடவை ஜெயிச்சாங்க. 1949-ல டைட்டில்ஹோல்டர்ஸ்ங்கிற பெரிய போட்டியையும் ஜெயிச்சாங்க. 1950-ல பெண்களுக்கான தொழில்முறை அமைப்பான எல்.பி.ஜி.ஏ உருவானப்போ, அதோட ஆரம்பகால உறுப்பினர்கள்ல ஒருத்தராவும் இருந்தாங்க.

கோப்பையா, வகுப்பா?

1953-ல பெக்கியும் கணவர் வாரன் பெல்லும் நண்பர்களோட சேர்ந்து, வட கரோலினாவுல பைன் நீடில்ஸ்ங்கிற கோல்ஃப் மைதானத்தை வாங்கினாங்க. அதுக்கப்புறம் பெக்கியோட வாழ்க்கை வகுப்புப் பக்கம் திரும்பிடுச்சு. அவங்க கண்ணுல பட்டது ஒரு பெரிய குறை. மைதானத்துக்கு வர்ற பெண்கள்ல பலர் கணவருக்குத் துணையா வந்தவங்க. ஆடத் தெரிஞ்ச ஆண்கள் மத்தியில முதல் அடியைத் தப்பா அடிக்கக் கூச்சம். அதனாலேயே மட்டையைத் தொடாம இருந்தாங்க.

அவங்களுக்காகவே `கோல்ஃபாரி'ங்கிற பேர்ல முகாம் நடத்தினாங்க பெக்கி. சில நாள் தங்கிக் கத்துக்கலாம். முழுக்கப் பெண்கள் மட்டும். புதுசா வர்றவங்களும் ஏற்கெனவே ஆடுறவங்களும் சேர்ந்தே இருப்பாங்க. எல்லாரும் தப்பா அடிக்கிற இடத்துல யாருக்கும் கூச்சம் இருக்காது இல்லையா?

இது நமக்குப் புதுசு இல்லை. பனியன் கம்பெனியில கைமடிக்கச் சேர்ந்த பொண்ணு, கொஞ்ச நாள்ல பவர் டேபிள்ல உட்கார்ந்து தைக்குறதைப் பார்த்திருப்பீங்க. பக்கத்துல இருந்த ஒரு அக்கா, `பரவால்ல, பிரிச்சுட்டுத் திரும்பத் தைய்யி'னு சொல்லியிருப்பாங்க. அந்த ஒரு வார்த்தைதான் பயிற்சி.

பெரியவங்களோட பெக்கி நிறுத்தல. பைன் நீடில்ஸ்ல பிள்ளைகளுக்கும் கோடை முகாம்கள் நடந்துச்சு. 2007-ல இருந்து அவங்க பேர்லயே சிறுமிகளுக்கான தனி கோல்ஃப் போட்டித் தொடரும் நடந்துச்சு.

தேடி வந்த மரியாதை

1961-ல எல்.பி.ஜி.ஏ-வின் `ஆண்டின் சிறந்த ஆசிரியர்'. 2002-ல உலக கோல்ஃப் ஆசிரியர்கள் புகழரங்கத்துல இடம்பிடிச்ச முதல் பெண். பெண்கள் கோல்ஃப்ல மிகப்பெரிய போட்டியான யு.எஸ். விமன்ஸ் ஓப்பன் 1996, 2001, 2007, 2022-னு 4 முறை பைன் நீடில்ஸ்லதான் நடந்துச்சு. பெக்கி 2016-ல, 95 வயசுல மறைஞ்சாங்க. உலக கோல்ஃப் புகழரங்கத்துல அவங்க பேர் சேர்ந்தது 2019-ல. அதைப் பார்க்க அவங்க இல்லை.

ஆனா, அவங்க தொடங்கின வேலையை மத்தவங்க நிறுத்தல. 1989-ல ஃபீனிக்ஸ் நகரத்துல சாண்டி லாபாவ்ங்கிற இன்னொரு ஆசிரியை, பொண்ணுங்களுக்கு மட்டும்னு ஒரு சின்ன கோல்ஃப் குழுவை ஆரம்பிச்சாங்க. பசங்க கூட்டத்துக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு பொண்ணுங்க தனியா நிக்கறதைவிட, தோழிகளோட சேர்ந்து வந்தா விடாம வருவாங்கங்கிறதுதான் யோசனை. அது இன்னிக்கு அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கு.

நம்ம ஊருக்கு வருவோம்

பெங்களூரு அதிதி அசோக்கை ஞாபகம் இருக்கா? 5 வயசுல மட்டையைப் பிடிச்சவங்க. 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 4-வது இடம். வெண்கலம் கைநழுவினது ஒரே ஒரு அடியில! கோல்ஃப்னா என்னன்னே தெரியாத பல வீடுகள்ல அன்னிக்குக் காலையில டிவி ஓடுச்சு. மைதானத்துல அவங்க மட்டைப் பையைச் சுமந்துகிட்டுக் கூடவே நடந்தது அவங்க அம்மா. 2023-ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல வெள்ளி ஜெயிச்சு, ஆசியப் போட்டி கோல்ஃப்ல பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண்ணும் ஆனாங்க.

5 வயசுல தொடங்க மைதானம் பக்கத்துல இருக்கணும், செலவு பண்ண வீடு தயாரா இருக்கணும். எல்லாருக்கும் அது அமையாது. கோல்ஃப் செலவு பிடிக்கிற ஆட்டம்தான், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா, பெக்கி செஞ்ச வேலைக்குக் கோல்ஃப் மைதானம் கட்டாயம் இல்லை. கபடி, கோ-கோ, ஓட்டம், கேரம்னு எதுவா இருந்தாலும், முதல் நாள் சொதப்புற பொண்ணுகிட்ட `நாளைக்கும் வா'னு சொல்ல ஒரு ஆள் வேணும். வயசுக்கு வந்ததும் `இனி எதுக்கு விளையாட்டு?'னு வீட்ல நிறுத்துறப்போ, அந்த வீட்டு வாசலுக்கே போய்ப் பேசுறதுக்கும் ஒரு ஆள் வேணும்.

உங்க ஸ்கூல்ல அப்படி ஒரு பி.டி. மிஸ் இருந்தாங்களா? உங்க தெருவுல சாயங்காலம் பொண்ணுங்களை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போற அக்கா யாராவது இருக்காங்களா? புகழரங்கம் வர்ற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இப்பவே ஒரு போன் போட்டு, `உங்களாலதான் மிஸ் நான் விளையாடினேன்'னு சொல்லிடுங்க!