மரமில்லாச் சமவெளிக்கு உழவர்கள் போனது ஏன்?

அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, வடக்குத் தெற்காக ஒரு பெரும் சமவெளி பரந்து கிடக்கிறது. கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா முதலிய மாநிலங்கள் இதில் அடங்கும். இன்று கோதுமை விளையும் இந்த நிலம் 200 ஆண்டுகளுக்கு முன்பு வெறும் புல்வெளி. மரம் அரிது, மழை குறைவு, காற்று அதிகம். அக்கால வரைபடங்கள் சில இதைப் பாலைவனம் என்றே குறித்தன. லகோட்டா, செயேன் முதலிய பூர்வகுடிகள் காட்டெருமையை வேட்டையாடி இங்கு வாழ்ந்தனர். இப்படிப்பட்ட இடத்துக்கு உழவர்கள் குடும்பத்தோடு ஏன் போனார்கள்?

சொந்த நிலம்

முதல் காரணம் நில ஆசை. 1862ல் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராக இருந்தபோது ஒரு சட்டம் வந்தது. 5 ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் சொந்தமாகும். பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். ஐரோப்பாவில் குத்தகை நிலத்திலும் துண்டு நிலத்திலும் பாடுபட்டவர்களுக்கு இது கனவிலும் கிடைக்காத வாய்ப்பு. ரயில் கம்பெனிகளும் தங்களுக்கு அரசு கொடுத்த நிலத்தை விற்க ஐரோப்பாவில் விளம்பரம் செய்தன. ஜெர்மனி, சுவீடன், நார்வே நாட்டவர் கப்பலேறி வந்தனர். பூர்வகுடிகளோ தங்கள் நிலத்தை இழந்து, ஒதுக்கப்பட்ட இடங்களில் அடைக்கப்பட்டனர்.

கைகொடுத்த கருவிகள்

புல்வேர் பின்னிய தரையில் பழைய கலப்பை ஓடவில்லை, மண் ஒட்டிக்கொண்டது. 1837ல் ஜான் டீர் செய்த எஃகுக் கலப்பை அந்தக் குறையைத் தீர்த்தது. வேலி போட மரம் இல்லாத இடத்தில் முள்கம்பி வந்தது. ஆழத்து நீரை இறைக்கக் காற்றாலை உதவியது. புல்தரையைக் கட்டிகளாக வெட்டி வீடு கட்டினர். காய்ந்த சாணத்தை எரித்துச் சமைத்தனர். 1874ல் ருஷ்யாவிலிருந்து கான்சாஸ் வந்த மென்னோனைட் கிறிஸ்தவர்கள், குளிரையும் வறட்சியையும் தாங்கும் 'டர்க்கி ரெட்' கோதுமையைக் கொண்டுவந்தனர்.

மழை பொய்த்தது

குடியேறிய தொடக்க காலத்தில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. உழவு பெருகினால் மழையும் பெருகும் என்று பலர் நம்பினர். ஆண்டு மழை 20 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 500 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், பாசனமின்றிப் பயிரை நம்ப முடியாது என்று 1878லேயே ஜான் வெஸ்லி பவல் எச்சரித்தார். அதைக் கேட்டவர் சிலரே. 1890களின் வறட்சியில் பலர் ஊரைவிட்டே போனார்கள்.

முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியதும் மிச்சமிருந்த புல்வெளியையும் உழுதனர். 1930களில் மீண்டும் வறட்சி வந்தபோது மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. அதே மாதம் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சரிவுக்குக் குறுக்கே உழுதல், அறுவடைத் தாளை வயலிலேயே விடுதல், காற்றைத் தடுக்க மரவரிசை நடுதல் ஆகியவை பரவின. 1942க்குள் 20 கோடிக்கு மேல் மரங்கள் நடப்பட்டன.

அறிய வேண்டியது

அந்த உழவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. நல்ல மழை பெய்த ஆண்டுகளை வைத்துக் கணக்குப் போட்டதுதான் அவர்களைக் கெடுத்தது. மானாவாரி நிலம் வாங்குபவரும், புல்தரையைத் திருத்திப் பயிரிடுபவரும் மழை குறைந்த ஆண்டையே கணக்கில் கொள்ள வேண்டும். கோடையில் நிலத்தை வெறுமையாக விடாமல், பயிர்த்தாளோ மூடாக்கோ இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. பயிர் போனால் அடுத்த பருவத்தில் விதைக்கலாம். மேல்மண் போய்விட்டால் ஒரு தலைமுறையில் திரும்பாது.