கண்ணுக்குத் தெரியாத துகளும் மண்ணுக்குள் வாழும் உயிரும்

வன்னியில் இரண்டு கமக்காரர் சந்தித்தால் குளத்து நீர்மட்டத்தையும் பசளை விலையையும் பற்றிப் பேசாமல் பிரிவதில்லை. இரணைமடுவில் எத்தனை அடி, முத்தையன்கட்டில் எத்தனை அடி என்பது எமது சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் காலடி மண்ணுக்குள் எத்தனை உயிர்கள் எமக்காகக் கூலியின்றி உழைக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. மனிதன் மண்ணிலிருந்து உருவானான் என்று வேதம் சொல்கிறது. அந்த மண்ணைத் தினமும் உருவாக்கிக்கொண்டிருப்பவற்றில் முதன்மையானது மண்புழு.

சார்ள்ஸ் டார்வின் என்ற அறிஞர் 1881 இல் மண்புழுவைப் பற்றித் தனி நூலே எழுதினார். இங்கிலாந்தின் பல இடங்களில், ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்கு 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடாகச் சென்று வெளியே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். எமக்கு இந்தக் கணக்கு மிகவும் வேண்டியது. மண் அணைகளும் பதுங்கு குழிகளும் வெட்டப்பட்ட காணிகளில் மேல்மண் கீழே போய், கீழ்மண் மேலே வந்துவிட்டது. மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பலவும் அத்தகைய நிலத்திலேதான் மறுபடி மண்வெட்டியைப் போட்டன. அந்த மண்ணை மீண்டும் மண்ணாக்குவதில் இயந்திரத்தால் முடியாத வேலையைப் புழு செய்கிறது.

2021 இல் வந்த போத்தல்

2021 மே 6 ஆம் திகதிய வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை. காலபோகம் தொடங்கும் வேளையில் கையில் யூரியா இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப இந்தியாவின் இஃப்கோ கூட்டுறவு நிறுவனத்தின் நனோ நைதரசன் திரவம் விமானத்தில் கொண்டுவரப்பட்டது. 2021 ஒக்ரோபரில் முதல் தொகுதி வந்தது. நவம்பர் 4 ஆம் திகதி இந்திய விமானப்படையின் விமானங்கள் மேலும் 100 தொன் கொண்டுவந்து இறக்கின. அந்த மாத இறுதியில் தடை நீக்கப்பட்டது. ஆனால் பயிர் காத்திருக்கவில்லை. நாடு முழுவதும் அந்தக் காலபோக நெல் விளைச்சல் முந்திய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது.

அரை லீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூடைக்கு ஈடாகும் என்று சொல்லப்பட்டது. கணக்கைப் பாருங்கள். ஒரு மூடையில் ஏறக்குறைய 20 கிலோ நைதரசன் உண்டு. 4 சதவீதம் நைதரசன் கொண்ட அந்தப் போத்தலிலோ ஏறக்குறைய 20 கிராம் மட்டுமே. ஆயிரத்தில் ஒரு பங்கு! பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு வயலில் சோதித்தபோது, யூரியாவைக் குறைத்து நனோ திரவம் தெளித்த நிலத்தில் நெல் விளைச்சல் 13 சதவீதமும், கோதுமை 21 சதவீதத்துக்கு மேலும் குறைந்தன. இருந்தும் விற்பனை நிற்கவில்லை. 2023 இல் நனோ டீ.ஏ.பி. வந்தது, 2024 இல் நாகம், செம்பு ஆகியவற்றின் நனோ திரவங்களுக்கும் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஆகவே இந்தச் சொல் எமது வயலுக்கு மறுபடியும் வரும். வரும்போது அதைப் புரிந்துகொண்டவர்களாக இருப்போம்.

நனோ என்றால் என்ன?

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். ஒன்று முதல் நூறு நனோமீற்றர் வரையுள்ள துகளே நனோ துகள். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர்.

சிறிதாவதால் என்ன மாற்றம்? பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ள சதுரமான மணலொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீற்றர். அதையே நூறு நனோமீற்றர்த் துண்டுகளாக வெட்டினால், எல்லாத் துண்டுகளின் மேற்பரப்பும் சேர்ந்து 600 சதுர சென்ரிமீற்றர் ஆகும். ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கம். பொருளின் நிறை மாறவில்லை. ஆனால் அது மண்ணோடும் நீரோடும் உயிரோடும் தொடும் இடம் பதினாயிரம் மடங்காகிவிட்டது. விறகுக் கட்டையைவிட மரத்தூள் விரைவாகத் தீப்பற்றுவதும் இந்தக் காரணத்தினாலேயே.

மண்புழுவுக்கு என்ன நடக்கிறது?

மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை; ஈரமான தோலினால் மூச்சு விடுகிறது. வாயினால் மண்ணையே உண்கிறது. எனவே மண்ணில் விழுவது எதுவாயினும் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் அதைத் தொடும்.

வெள்ளி நனோ துகள் கிருமிகளைக் கொல்லும் என்பதால் சில துணிகளிலும் பாத்திரங்களிலும் சேர்க்கப்படுகிறது. கழுவும்போது அது நீரோடு போய்க் கழிவுச் சேற்றில் தங்குகிறது. அந்தச் சேற்றை வயலுக்கு இடும் நாடுகளில் மண்ணை அடைகிறது. அமெரிக்காவில் 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளி நனோ துகள் கலந்த மண்ணை மண்புழுக்கள் விட்டு விலகின. சாதாரண வெள்ளி உப்புக் கலந்த மண்ணை அவை உடனே விட்டு அகன்றன. நனோ துகள் உள்ள மண்ணை விலக்க அவற்றுக்கு இரண்டு நாள் வரை எடுத்தது. ஆபத்தை உணரத் தாமதித்தன என்பதே கவனிக்க வேண்டியது.

வேறு ஆய்வுகளில், ஒரு கிலோ மண்ணுக்கு ஒரு கிராமுக்கு மேல் நாக ஒட்சைட்டு நனோ துகள் சேர்ந்தபோது புழுவின் உயிரணுக்கள் சேதமுற்றன. இது வயலில் சாதாரணமாகச் சேராத பெரிய அளவு. இன்னொரு ஆய்வில் தங்க நனோ துகள் மண்ணிலிருந்து புழுவுக்கும், அந்தப் புழுவைத் தின்ற தவளைக்கும் சென்றது. சிறியதை உண்பது பெரியது. ஆகவே புழுவோடு கதை முடிவதில்லை.

புழு முற்றிலும் ஆதரவற்றதும் அல்ல. மிகையான உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் புரதம் அதன் உடலில் உண்டு. ஆனால் அந்தத் தற்காப்புக்கும் ஓர் எல்லை உண்டு.

எல்லா நனோவும் ஒன்றல்ல

பயமுறுத்துவது எமது நோக்கமல்ல. யூரியா நீரில் கரைந்துவிடும் பொருள். கரைந்தபின் அதற்குத் துகள் என்ற வடிவம் இல்லை. ஆகவே நனோ யூரியாவில் முதற்கேள்வி அது பயிருக்குப் போதுமா என்பதே. வெள்ளி, செம்பு, நாகம் போன்றவை அப்படியல்ல; அவை அழிவதில்லை, மண்ணிலே சேர்ந்துகொண்டே போகும். சருகின் கீழ் துள்ளும் மிகச் சிறிய, இறகற்ற வெள்ளைப் பூச்சிகளை வைத்துச் செய்த ஆய்வில், நாக ஒட்சைட்டு நனோ துகளின் நஞ்சு பெரும்பாலும் அதிலிருந்து கரைந்து வெளியேறும் நாகத்தினால் வருவதாகத் தெரிந்தது.

நன்மை தரக்கூடிய முயற்சியும் உண்டு. இலங்கையின் நனோ தொழில்நுட்ப நிறுவனமான சிலின்ரெக் உடன் இணைந்த விஞ்ஞானிகள், எலும்பிலும் பல்லிலும் உள்ள ஐதரொட்சியபற்றைற்று என்னும் பொருளின் நனோ துகளில் யூரியாவைப் பூசி, மெதுவாகக் கரையும் பசளையொன்றைச் செய்து 2017 இல் வெளியிட்டனர். நெல் வயலில் பாதியளவு யூரியாவோடு விளைச்சல் குறையவில்லை என்று அவர்கள் அறிவித்தனர்.

வீட்டிலே செய்யக்கூடிய சோதனை

ஆய்வுகூடங்களில் புழுவைக் கொண்டு செய்யும் விலகற் சோதனையை நாமும் செய்யலாம். செலவு இல்லை.

1. அகலமான பிளாஸ்ரிக் பேசின் ஒன்றை எடுத்து, நடுவில் மட்டை ஒன்றால் மறியுங்கள்.
2. ஒரே தோட்டத்து மண்ணை இரு பக்கமும் சம அளவில் இடுங்கள். ஒரு பக்க மண்ணில் புதிய மருந்தையோ திரவத்தையோ போத்தலில் எழுதிய அளவில் நீர் சேர்த்துக் கலவுங்கள். மறு பக்கத்துக்கு அதேயளவு வெறும் நீர்.
3. மட்டையை எடுத்துவிட்டு, நடுக்கோட்டில் வளர்ந்த மண்புழு பத்தை விடுங்கள். துளையிட்ட கடதாசியால் மூடி நிழலில் வையுங்கள்.
4. இரண்டு நாள் கழித்து மட்டையை மறுபடி செருகி, இரு பக்கமும் எண்ணுங்கள்.

மூன்று முறை செய்து பாருங்கள். எட்டுக்கு மேற்பட்ட புழுக்கள் வெறும் மண்ணுக்கே போனால், மற்ற மண் அவற்றுக்கு வாழத் தகுந்ததல்ல என்று பொருள். முதலில் இரு பக்கமும் வெறும் மண்ணை வைத்துப் பார்த்தால், புழுக்கள் ஏறக்குறைய சமமாகப் பிரிகின்றனவா என்பது தெரியும். இந்தச் சோதனை உடனடி வெறுப்பை மட்டுமே காட்டும். ஆண்டுக்கணக்கில் சேரும் தீங்கைக் காட்டாது. அதற்கு ஒவ்வொரு மாரியிலும் ஒரே இடத்தில் ஓரடிச் சதுரமாக, ஓரடி ஆழம் வெட்டிப் புழுவை எண்ணி, பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள். எண்ணிக்கை வருடாவருடம் குறைந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

வாங்குமுன் கேளுங்கள்

இதில் உள்ள பொருள் என்ன, எத்தனை சதவீதம்? அது கரைந்து போகுமா, மண்ணில் தங்குமா? எங்கள் மண்ணில், எங்கள் போகத்தில் யார் சோதித்தார்கள்? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. ஊருக்கு ஊர் கமநல சேவை நிலையங்கள் உண்டு. தனியாகப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால், கமக்கார அமைப்பாகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை காணி முழுவதற்கும் தெளிக்காமல், ஒரு மூலையில் மட்டும் தெளித்துப் பாருங்கள்.

சொந்தக் காணி இன்னமும் கைக்கு வராமல் குத்தகை நிலத்தில் விதைக்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. ஒரு போகம் தவறினால் அவர்களுக்கு அடுத்த போகத்துக்கு விதைநெல் இல்லை. புதிய போத்தல் ஒவ்வொன்றையும் முதலில் பரீட்சிக்கும் களமாக அவர்களுடைய வயல் ஆகக்கூடாது. நாம் இடம்பெயர்ந்தபோது மாட்டையும் விதையையும் கொண்டு போகப் பாடுபட்டோம். மண்ணைக் கொண்டு போக முடியவில்லை. இன்று எம் காலடியில் உள்ள மண் சொந்தமோ குத்தகையோ, அடுத்து அதில் விதைக்கப் போகிறவர்களுக்கு உயிரோடு கையளிக்க வேண்டிய பொறுப்பு எம்முடையது.