டொமைன் யார் பேர்ல இருக்கு? முதல் ஹோஸ்டிங் கணக்கு தொடங்குறவங்களுக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

"ஒரு வெப்சைட் ஆரம்பிக்கணும், எந்த ஹோஸ்டிங் வாங்கலாம்?" இந்தக் கேள்வி நிறைய பேர்கிட்டேருந்து வந்துட்டே இருக்கு. பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்லிடறேன்.

எங்க சித்தி தாம்பரத்துல கேட்டரிங் பண்றாங்க. சில வருஷம் முன்னாடி, தெரிஞ்ச பையன் ஒருத்தன் அவங்களுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். மெனு, போட்டோ, விலைப்பட்டியல், கூடவே அந்த டொமைன்லயே ஒரு மெயில் ஐடி. மண்டபத்துக்காரங்க, கம்பெனி எச்.ஆர். ஆளுங்க எல்லாரும் அந்த மெயிலுக்குத்தான் ஆர்டர் அனுப்புவாங்க.

போன வருஷம் ஆவணி கடைசியில சித்தி போன் பண்ணாங்க. "ஆனி முடியறப்போலேருந்தே மெயில் எதுவும் வரலடா. ஆடி மாசம், கல்யாணம் இருக்காது, அதான்னு விட்டுட்டேன். ஆவணியும் போகப் போகுது, ஒரு ஆர்டரும் காணோம்."

போய்ப் பார்த்தா, டொமைன் காலாவதி ஆகியிருக்கு. அந்தப் பையன் எல்லாத்தையும் தன்னோட கணக்குல, தன்னோட மெயில் ஐடியில பதிவு பண்ணியிருந்தான். வேலைக்கு வெளிநாடு போயிட்டான். கார்டு மாறியதுல ஆட்டோ ரினியூவல் நின்னுபோச்சு. நினைவூட்டல் மெயில் எல்லாம் அவன் திறந்தே பார்க்காத பழைய ஐடிக்குப் போயிருக்கு. அவனைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள புரட்டாசி பாதியாச்சு. அதுக்குள்ள அந்தப் பேரை வேற யாரோ வாங்கிட்டாங்க.

யாரும் யாரையும் ஏமாத்தல. ஆனா சித்தி வருஷக்கணக்கா விசிட்டிங் கார்டுல அடிச்சுக் கொடுத்த பேர் இப்போ அவங்களோடது இல்ல. அதனாலதான் இன்னைக்கு "எந்த ஹோஸ்டிங்"னு ஆரம்பிக்காம, "யார் பேர்ல"ன்னு ஆரம்பிக்கிறேன்.

மூணு விஷயம், மூணு வேலை

டொமைன் என்பது பெயர். ஹோஸ்டிங் என்பது உங்க ஃபைல்கள் இருக்கும் இடம், அதாவது 24 மணி நேரமும் ஓடுற ஒரு கம்ப்யூட்டர்ல நீங்க வாடகைக்கு எடுத்த பங்கு. இந்த ரெண்டையும் இணைப்பது டிஎன்எஸ். யாராவது உங்க பேரை பிரவுசர்ல அடிச்சா, அதுக்கான சர்வர் எந்த ஐபி முகவரியில இருக்குன்னு சொல்றது அதோட வேலை.

ஹோஸ்டிங் ஒரு வாடகை வீடு. பிடிக்கலைன்னா காலி பண்ணிட்டுப் போகலாம். ஃபைல்கள், டேட்டாபேஸ் ரெண்டையும் தூக்கிட்டுப் போனா போதும். டொமைன் அப்படி இல்ல, அது பட்டா மாதிரி. யார் கணக்குல இருக்கோ அவங்க சொல்றதுதான் செல்லும். ஒரு வித்தியாசம், இந்தப் பட்டாவுக்கு ஆயுசு உண்டு. டாட் காம் பேரை ஒரு நேரத்துல அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் பதிவு பண்ண முடியும். புதுப்பிக்கலைன்னா கைவிட்டுப் போயிடும்.

ரெண்டையும் ஒரே கம்பெனியில வாங்கலாம், தப்பில்ல. தனித்தனியா வாங்கினா, ஹோஸ்டிங் கம்பெனியோட சண்டை வந்தாலும் பேர் உங்க கையில பத்திரமா இருக்கும்.

கணக்கு திறக்கும்போது

முதல் விஷயம், எந்த மெயில் ஐடி கொடுக்கிறீங்க? நீங்க தினமும் பார்க்கிற, உங்களோட சொந்த ஐடியா இருக்கணும். புது டொமைன்லயே உருவாக்கப் போற ஐடியைக் கொடுக்காதீங்க. டொமைன் படுத்தா அந்த மெயிலும் படுத்துடும். அப்புறம் பாஸ்வேர்டு மாத்துற லிங்க் எங்கே வரும்? பூட்டின பெட்டிக்குள்ளயே சாவியை வச்ச கதைதான்.

டாட் காம் மாதிரி டொமைன்களுக்கு ஐகான் அமைப்போட விதிகள் உண்டு. பதிவு பண்ணினதும் "உங்க மெயிலை உறுதிப்படுத்துங்க"ன்னு ஒரு லிங்க் வரும். 15 நாளுக்குள்ள அதைக் கிளிக் பண்ணலைன்னா டொமைனை நிறுத்தி வைக்கலாம். புதுசா போட்ட சைட் ரெண்டே வாரத்துல திடீர்னு காணாம போச்சுன்னா, முதல்ல ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்க. அதே மாதிரி, காலாவதிக்கு சுமார் ஒரு மாசம் முன்னாடியும் ஒரு வாரம் முன்னாடியும் பதிவாளர் நினைவூட்டல் அனுப்பியே ஆகணும். பதிவுல இருக்கிற ஐடிக்குத்தான் அனுப்புவாங்க. சித்தி விஷயத்துல நடந்ததும் அதுதான்.

வேற ஒருத்தர் உங்களுக்கு சைட் செஞ்சு தர்றாரா? நல்லது. ஆனா கணக்கை நீங்களே திறங்க, உங்க கார்டுல பணம் கட்டுங்க, டூ-ஸ்டெப் லாகின் போடுங்க. அவருக்கு வேலை செய்யற அளவுக்கு மட்டும் அனுமதி கொடுங்க. இது அவரை சந்தேகப்படறது இல்ல. வீட்டுக்குக் கொத்தனார் வர்றாருன்னு பத்திரத்தை அவர் பேர்ல எழுத மாட்டோம் இல்லையா?

விலைப் பலகையில எதைப் பார்க்கணும்?

பெரிய எழுத்துல இருக்கிறது முதல் முறைக்கான சலுகை விலை. அதுவும் பல நேரம் மூணு வருஷப் பணத்தை மொத்தமா கட்டினாத்தான் கிடைக்கும். நீங்க தேட வேண்டியது சின்ன எழுத்துல இருக்கிற புதுப்பித்தல் விலை. அதோட 18 சதவீதம் ஜிஎஸ்டியையும் சேர்த்துக்குங்க.

"அன்லிமிடெட்"னு போட்டிருந்தா, எத்தனை ஃபைல் வரைக்கும் வைக்கலாம்னு விதிமுறையில பாருங்க. ஐநோட் வரம்புன்னு ஒண்ணு இருக்கும். ஷேர்டு ஹோஸ்டிங் என்பது திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி. பல சைட்டுங்க ஒரே சர்வரைப் பகிர்ந்துக்கும். பக்கத்து ரூம்காரர் எல்லாத் தண்ணியையும் இழுத்துட்டா உங்க குழாய்லயும் சொட்டும். அதனாலதான் விலை கம்மி. சின்ன கடை, போர்ட்ஃபோலியோ, ப்ளாக் இதுக்கெல்லாம் அது தாராளமா போதும்.

நாலஞ்சு பக்கம் மட்டும்தான், ஆர்டர் ஃபார்ம், லாகின் எதுவும் இல்லைன்னா, கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச சேவையே போதும். டொமைனுக்கு மட்டும் காசு கொடுத்தா சரி.

முதல் லாகின்

உள்ளே போனா சிபேனல் மாதிரி ஒரு திரை, அதுல ஐம்பது ஐகான். பயப்படாதீங்க, முதல் நாள் நாலு வேலைதான்.

ஒண்ணு, டிஎன்எஸ். டொமைனை வேற இடத்துல வாங்கியிருந்தா, அங்கே போய் ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த நேம்சர்வரைப் போடணும். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர சில மணி நேரம் ஆகலாம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலயும் ஆகலாம். ஏற்கெனவே அந்த டொமைன்ல மெயில் ஓடிட்டிருந்தா, பழைய எம்எக்ஸ் ரெக்கார்டுகளை முன்னாடியே எழுதி வச்சு, புது இடத்துல சேர்த்துடுங்க. மறந்தா சைட் வரும், மெயில் வராது.

ரெண்டு, எஸ்எஸ்எல். பிரவுசர்ல "பாதுகாப்பானது இல்லை"ன்னு வராம இருக்கிறது இதனாலதான். லெட்ஸ் என்க்ரிப்ட் இதை இலவசமாவே கொடுக்குது. பெரும்பாலான ஹோஸ்டிங்ல ஒரு பட்டனைத் தட்டினா போதும். அந்த சான்றிதழ் சில மாசம்தான் செல்லும். தானா புதுப்பிக்கிற வசதி ஆன்ல இருக்கான்னு மட்டும் பாருங்க.

மூணு, சைட். வேர்ட்பிரஸ்ஸா இருந்தா அதையும் பட்டன்லயே நிறுவலாம். யூசர்நேமுக்கு "அட்மின்"னு வைக்காதீங்க, தாக்குறவங்க முதல்ல முயற்சி பண்றது அதைத்தான். கையால ஃபைல் ஏத்துறவங்க, பப்ளிக் ஹெச்டிஎம்எல் என்கிற ஃபோல்டருக்குள்ள போடணும். லினக்ஸ் சர்வர்ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற. உங்க லேப்டாப்ல தெரிஞ்ச போட்டோ சைட்ல தெரியலைன்னா, ஃபைல் பேர்ல அதைச் சரிபாருங்க.

நாலு, பேக்கப். இதை மட்டும் நாளைக்குத் தள்ளாதீங்க. 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகர்ல ஓவிஎச் நிறுவனத்தோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சு, ஒரு கட்டடம் முழுசா எரிஞ்சுபோச்சு. 'ரஸ்ட்' கேம் விளையாடறவங்களுக்கு நினைவிருக்கும், அதோட சில ஐரோப்பிய சர்வர்கள்ல இருந்த டேட்டா திரும்பி வரவே இல்ல. பேக்கப்பையும் அதே வளாகத்துல வச்சிருந்த சிலருக்கு ரெண்டுமே போச்சு. அதனால மாசம் ஒரு தடவையாவது ஃபைல், டேட்டாபேஸ் ரெண்டையும் இறக்கி, உங்க டிரைவ்லயோ ஹார்டு டிஸ்க்லயோ வைங்க.

தேதி தவறிட்டா?

டாட் காம்ல காலாவதி ஆன உடனே பேர் போயிடாது. பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் சாதாரணமா புதுப்பிக்க வாய்ப்பு இருக்கு. ஆனா இந்த நேரத்துலயே பேரை ஏலத்துக்கு விடற பதிவாளர்களும் உண்டு. டொமைனை அவங்க நீக்கினதுக்கு அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அப்போ கட்டணம் பல மடங்கு. அதுக்கு அப்புறம் 5 நாள் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பிறகு யார் முந்துறாங்களோ அவங்களுக்கு.

புதுசா வாங்குறவர், உங்க பழைய ஐடியையே அங்கே உருவாக்கி மெயில் வாங்க முடியும். உங்களுக்கு வர வேண்டிய ஆர்டர், பேங்க் மெயில், பாஸ்வேர்டு மாத்துற லிங்க் எல்லாம் அவர் கைக்குப் போகும். சித்தி விஷயத்துல நாங்க முதல்ல செஞ்ச வேலையே, அந்தப் பழைய ஐடி கொடுத்திருந்த ஒவ்வொரு கணக்குலயும் போய் மெயிலை மாத்தினதுதான். ஒரு முழு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

சித்திக்கு இப்போ புது டொமைன், புது விசிட்டிங் கார்டு. கணக்கு அவங்க பேர்ல, அவங்க போன்ல. காலாவதி தேதியை, கேஸ் புக் பண்ண தேதி எழுதற அதே மாசக் காலண்டர்ல எழுதி வச்சிருக்காங்க. பழைய வாடிக்கையாளர்கள்ல பாதிப் பேருக்கு மேல திரும்பி வந்தாச்சு. மீதிப் பேர் இன்னும் பழைய ஐடிக்கு மெயில் போட்டுட்டு, பதில் வரலையேன்னு நினைச்சுட்டு இருக்கலாம்.

உங்களுக்கோ வீட்டுல யாருக்காவதோ ஏற்கெனவே சைட் இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. ஐகானோட லுக்அப் பக்கத்துல அந்தப் பேரைப் போட்டுப் பாருங்க. உரிமையாளர் பேர் மறைச்சிருந்தாலும், எந்தப் பதிவாளர், எந்தத் தேதி வரைக்கும்னு தெரியும். அந்தப் பதிவாளர்கிட்ட உங்களால லாகின் பண்ண முடியுதா? முடியலைன்னா, சைட் செஞ்சு கொடுத்தவர் போன் எடுக்கிற காலத்துலயே பேசி உங்க கணக்குக்கு மாத்திக்குங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.