கராட்டி, ஜூடோ பழகப் போகிறீர்களா? தலையில் அடிபட்டால் மறைக்க வேண்டாம்

பிரித்தானியாவில் தஞ்சம் கோரியவர்களில் பெரும்பாலானோருக்கு முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. நாள் முழுக்க அறைக்குள்ளேயே இருந்தால் விசர் பிடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டு எங்கட பொடியள் பலர் கராட்டி, ஜூடோ, கிக் பொக்சிங் வகுப்புகளுக்குப் போகிறார்கள். நல்ல விசயம்தான். நித்திரை வரும், நாலு பேரைத் தெரியவரும், இங்கிலீசும் கொஞ்சம் பிடிபடும். போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய சில விசயங்கள் இருக்கின்றன.

பழகும்போது விரல் சுளுக்கும், முழங்கால் வீங்கும், சில நேரம் கை முறியும். இவை நாளடைவில் மாறிவிடும். ஆளைக் கொல்லக்கூடியது தலைக்குள் ஏற்படும் காயம்.

ஜப்பானில் பாடசாலைகளில் ஜூடோ பழகிய பிள்ளைகளில் 1983 முதல் 2011 வரையான காலத்தில் நூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஜூடோவில் குத்தும் இல்லை, உதையும் இல்லை. பிறகு எப்படி? காலை வாரிப் பின்பக்கமாக விழுத்தும்போது பிடரி நிலத்தில் அடிபடுகிறது. தலை சடுதியாக ஆடும்போது மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் உள்ள சிறிய இரத்த நாளங்கள் அறுந்து, உள்ளே இரத்தம் கசிகிறது. வெளியில் ஒரு கீறல்கூட இராது. ஆள் எழும்பி "எனக்கு ஒண்டுமில்லை" என்பார், சில மணித்தியாலத்தில் மயங்கி விழுவார். இறந்த பிள்ளைகளில் நிறையப் பேர் புதிதாகச் சேர்ந்த முதலாம் ஆண்டு மாணவர்கள். விழப் பழகுவதற்கு முதலே அவர்களை விழுத்தியிருக்கிறார்கள்.

அதனால் முதல் கிழமைகளில் நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விழ மட்டும் பழகுங்கள். முதல் நாளே அனுபவசாலி ஒருவரோடு மோதவிடுகிற மாஸ்ரர் என்றால், அந்த இடம் உங்களுக்குச் சரிவராது.

அடிபட்டால் என்ன செய்வது?

உடனே நிறுத்துங்கள். அன்றைக்கு மறுபடி இறங்க வேண்டாம். தலையிடி கூடிக்கொண்டு போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கை கால் விறைத்தால், கதை குழறினால், நினைவு தப்பினால், கழுத்து கடுமையாக நொந்தால் 999க்கு அடியுங்கள். கழுத்து நோகிறவரைத் தூக்கி நிமிர்த்த வேண்டாம். இவை ஒன்றும் இல்லை, தலை கிறுகிறுக்கிறது மட்டும் என்றாலும் 24 மணி நேரத்துக்குள் 111ஐ அழைத்துக் கேளுங்கள். அந்த 24 மணி நேரமும் தனியே இருக்கக்கூடாது, குடிக்கக்கூடாது, வாகனம் ஓடக்கூடாது. ஹொஸ்டலில் இருப்பவர்கள் அறையில் உள்ள மற்றவரிடம் சொல்லி வையுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தலையைத் தொட்டுக் காட்டி 999 என்று எழுதிக் கொடுத்தால் விளங்கும்.

2023 இல் பிரித்தானியாவில் வெளியான விளையாட்டு வழிகாட்டலின்படி, மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர், எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாட்கள் கழிந்த பிறகே தலையில் அடிபடக்கூடிய பயிற்சிக்குத் திரும்பலாம். போட்டிக்கு ஆகக் குறைந்தது 21 நாட்கள். மாஸ்ரர் "பரவாயில்லை, வா" என்றாலும் போக வேண்டாம்.

பலர் வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணம் பயம். காசு கேட்பார்களோ, கேசுக்குப் பாதிப்போ என்று. தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவர்களுக்கு என்.எச்.எஸ் சிகிச்சை இலவசம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் தரும் சிகிச்சைக்குக் காசில்லை. அம்புலன்சுக்கும் காசில்லை. பயிற்சியில் காயப்பட்டு வைத்தியம் பார்த்ததற்காக ஒருவருடைய கேஸ் கெடாது. "தமிழ் இன்ரபிரெட்டர் பிளீஸ்" என்று கேளுங்கள், மொழிபெயர்ப்பாளர் இலவசம்.

தட்டுவதற்கு வெட்கப்பட வேண்டாம்

மல்லுக்கட்டும் கலைகளில் கழுத்தை நெரிப்பதும் மூட்டை முறுக்குவதும் உண்டு. கழுத்தின் இரு பக்க இரத்தக் குழாய்களையும் இறுக்கினால் பத்துச் செக்கனளவில் ஆள் மயங்கிவிடுவார். கையால் இரண்டு மூன்று தரம் தட்டினால் எதிராளி விட்டுவிட வேண்டும். இதற்கு இங்கிலீசு தேவையில்லை. குதியைப் பிடித்து முறுக்கும்போது நோ தெரியுமுன்பே முழங்கால் சவ்வு அறுந்துவிடலாம், ஆகவே பிடி விழுந்தவுடனேயே தட்டுங்கள். ஆம்பிளை தட்டக்கூடாது என்ற கதையெல்லாம் வேண்டாம்.

பழைய காயங்கள்

எங்கள் வாசகர்களுக்கு இது முக்கியம். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள், கட்டித் தூக்கியதால் தோள் கழன்றவர்கள், தலையில் முன்பு அடி வாங்கியவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் ஜீ.பீயைக் கேட்டுவிட்டுப் போங்கள். மாஸ்ரருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, "பழைய காயம், இந்தத் தோளை இழுக்க வேண்டாம்" என்றால் போதும். கழுத்தைப் பிடித்தவுடன் பழைய சம்பவங்கள் ஞாபகம் வந்து உடம்பு நடுங்குகிறவர்கள் மல்லுக்கட்டாத வகுப்பைத் தெரிவு செய்யலாம். அப்படி நடுங்குவது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, அதையும் ஜீ.பீயிடம் சொல்லுங்கள்.

தழும்புகள் உங்கள் கேசில் சாட்சி. அவற்றை ஒரு வைத்தியர் பார்த்து அறிக்கை எழுத வேண்டியிருக்கலாம். ஒரு இலங்கைத் தமிழரின் தழும்புகள் பற்றிய வழக்கு 2019 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அறிக்கை முடியும்வரை அடிபடும் பயிற்சியைத் தள்ளிவைப்பது புத்தி. புதுக் காயம் வந்தால் திகதி, இடம், எப்படி நடந்தது என்று எழுதி வையுங்கள், வைத்தியசாலைக் கடிதத்தை எறிய வேண்டாம். சட்டத்தரணியிடமும் அறிக்கை எழுதும் வைத்தியரிடமும் எது பழையது, எது புதியது என்று உள்ளதைச் சொல்லுங்கள். புதிய தழும்பைப் பழையதோடு சேர்த்துச் சொன்னால் உண்மையான தழும்புகளையும் நம்ப மாட்டார்கள்.

கிளப்பில் சேரும்போது

பிரித்தானியாவில் யாரும் தற்காப்புக் கலை வகுப்புத் தொடங்கலாம், அதற்கென்று அரசாங்க லைசன்ஸ் கிடையாது. ஆகவே காப்புறுதி இருக்கிறதா, முதலுதவி தெரிந்தவர் நிற்கிறாரா என்று நீங்களே கேளுங்கள். "காயப்பட்டால் நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அவர்களுடைய கவனக்குறைவால் காயம் வந்தால் அந்தக் கையெழுத்து உங்கள் உரிமையைப் பறிக்காது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நட்டஈடு கோரும் வழக்கை வழமையாக 3 வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் காயத்தைக் கிளப்பின் விபத்துப் புத்தகத்தில் அன்றைக்கே பதியச் சொல்லுங்கள்.

காசுக்குச் சண்டை பிடிக்கவோ வகுப்பு எடுக்கவோ யாராவது கூப்பிட்டால், அது வேலையாகக் கணக்கெடுக்கப்படலாம். சட்டத்தரணியைக் கேட்காமல் ஓம் சொல்ல வேண்டாம்.