மூளை களைக்கும்போது

நாள் முழுவதும் உட்கார்ந்து கணக்கு எழுதினாலும் மாலையில் களைத்துப்போகிறோம். சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். 2022இல் பாரிஸ் ஆய்வாளர்கள் சிலருக்குக் கடினமான மூளை வேலையும், மற்றவர்களுக்கு எளிதான வேலையும் ஏறத்தாழ 6 மணி நேரம் கொடுத்தார்கள். கடினமாக உழைத்தவர்களுக்கு, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியில் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. நாம் நிதானித்து முடிவெடுக்க உதவுவது அந்தப் பகுதிதான். காத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையை விட்டு, உடனே வரும் சிறு தொகையையே அவர்கள் அதிகம் நாடினார்கள். களைத்த மூளையின் தவறு இப்படியும் வரும்: கூட்டல் சரியாக இருக்கும், முடிவு அவசரமாக இருக்கும். பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்பதும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதும் நம் வீடுகளில் சில நேரம் இரவில்தான்.