குழாயைத் திறந்து பார்ப்பார்கள்!

தெருவில் நின்று பார்த்தால் அக்கம்பக்கத்து வீடுகளைப் போலத்தான் தெரியும். உள்ளே அதிகபட்சம் ஆறு முதியவர்கள். கலிஃபோர்னியாவில் ‘போர்டு அண்ட் கேர்’ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் இந்தச் சிறிய முதியோர் இல்லங்களுக்கு மாநில சமூக சேவைத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் தருவதற்கு முன் வரும் ஆய்வாளர் தேதி சொல்லிவிட்டு வருவார். அதன்பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும் ஆய்வுக்கு முன்தகவல் கிடையாது. ஆகவே முதல் ஆய்வுக்கு வீட்டைத் தயார்செய்யலாம். அடுத்ததற்கு வீட்டு வழக்கத்தையே தயார்செய்ய வேண்டும்.

குளியலறையில் ஆய்வாளர் சுடுநீர்க் குழாயைத் திறந்து தெர்மாமீட்டரை நீட்டுவார். 105 முதல் 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 41 முதல் 49 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வயதானவர்களின் தோல் மெல்லியது, உணர்ச்சியும் மங்கியிருக்கும். சுடுகிறதே என்று கையை இழுப்பதற்குள் புண்ணாகிவிடும். ஹீட்டரைத் திருகி வைத்ததோடு விடாமல், அவ்வப்போது ஒவ்வொரு குழாயிலும் அளந்து எழுதிவைப்பது நல்லது.

அடுத்தது மருந்து அலமாரி. பூட்டு மட்டும் போதாது. டாக்டரின் உத்தரவு, டப்பாவின் லேபிள், பதிவேடு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். லேபிள் ‘தினம் இரண்டு’ என்று சொல்லும். டாக்டர் போனில் ஒன்றாகக் குறைத்திருப்பார். யாரும் குறித்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரின் பழைய மாத்திரை புதியதோடு கலந்து கிடக்கும். கோளாறு நுழைவது இப்படித்தான்.

சமையலறையில் கெட்டுப்போகும் பொருள்கள் 2 நாளைக்கும், கெடாதவை 7 நாளைக்கும் இருப்பில் வேண்டும். கழிவறையில் பிடிமானக் கம்பி ஆடக் கூடாது. ஆள் குறைகிறதே என்று உறவுக்காரரை வேலைக்கு நிறுத்தினால் வம்பு: கைரேகை கொடுத்து, குற்றப்பின்னணிச் சோதனையில் தேறியவர்தான் அங்கே வேலை செய்யலாம். மீறினால் அபராதம்.

உடனடி ஆபத்துள்ள குறைகள் ‘ஏ’ வகை, பின்னால் ஆபத்தாகக் கூடியவை ‘பி’ வகை. இரண்டையும் எப்போது, எப்படிச் சரிசெய்வோம் என்று எழுதித் தர வேண்டும். ஆய்வறிக்கையைத் துறையின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இடம் தேடும் பிள்ளைகள், குறைகளின் எண்ணிக்கையைவிட, ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை தவறுவது எந்த வீட்டிலும் நடக்கும். அதே குறை அடுத்த வருடமும் எழுதப்பட்டிருந்தால், எழுதிக் கொடுத்த உறுதிமொழி காகிதத்தோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.